இரண்டு அங்குல முன்னேற்றம்

ஈப்போவில் ஒருவர் எவ்வளவு உயர்ந்துவிட்டார் என்று தெரிந்துகொள்ள இப்போது ஜாதகமோ பேங்க் புத்தகமோ வேண்டாம். அவருடைய ஹைலக்ஸ் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். கதவுப்பிடி உங்கள் நெஞ்சுக்கு நேராக இருந்தால் சாதாரணக் குடும்பஸ்தர். தோளுக்கு வந்தால் சப்-கான்ட்ராக்ட் எடுக்கிறவர். கண்ணுக்கு நேராக இருந்தால் டத்தோ, அல்லது டத்தோ பட்டத்துக்கு மனு போட்டுவிட்டுக் காத்திருப்பவர்.

தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் பக்கம் போனால் இந்த உயர்ந்த மனிதர்களைக் குடும்பத்தோடு பார்க்கலாம். நாலு அங்குலம் ஏற்றிய டிரைட்டன் ஒன்று வந்து நிற்கும். அண்ணன் முதலில் குதிப்பார். பின்கதவைத் திறந்து, வின்ச் கயிறு, மண்வெட்டி, மணலில் மாட்டினால் போடும் பலகை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூலை எடுப்பார். அதைக் கதவடியில் போடுவார். உள்ளேயிருந்து அவருடைய அம்மா, ஒரு கையில் பட்டுச்சேலைக் கொசுவம், இன்னொரு கையில் கைப்பிடி, "முருகா" என்று ஒரு கால், "அப்பனே" என்று மறுகால். ஐயாயிரம் வெள்ளி செலவழித்து ஏற்றிய உயரத்தை ஐந்து வெள்ளி ஸ்டூல் போட்டு இறக்குகிறார்கள். காடு மலை எல்லாம் ஏறுகிற வண்டிதான். பெற்ற தாய் ஏறுவதற்கு மட்டும் வழியில்லை.

கேலி செய்துவிட்டுப் போவதற்காக எழுதவில்லை. நீங்களும் லிஃப்ட் கிட் வாங்கத்தான் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சம்பளம் வந்ததும் சிலிபின் பக்கம் ஏதாவது ஒரு பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, மேலே தூக்கிவைத்த ஒரு ரேஞ்சரின் அடிவயிற்றை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கத்தான் போகிறீர்கள். அதனால் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பணம் வீணாகக்கூடாது.

தொழில் தெரிந்த பொமன் முதலில் விலையைச் சொல்ல மாட்டார். "அண்ணே, என்னா லோடு ஏத்துவீங்க?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. ஸ்பிரிங் என்பது உயரத்துக்காக மட்டும் செய்யப்படுவதில்லை. முன்னால் இரும்பு பம்பரும் வின்ச்சும் இருந்தால் ஒரு கனம், பின்னால் எந்நேரமும் 300 கிலோ கிடந்தால் வேறொரு கனம், காலியாக ஓடினால் இன்னொரு கனம். அந்தக் கணக்குக்குத்தான் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு ஏற்ற நீளத்தில் அப்ஸார்பர் போட வேண்டும். நம்மாள் இந்த இடத்தில் கொஞ்சம் திணறுவார். அவர் ஏற்றுகிற லோடு ஞாயிற்றுக்கிழமை சந்தைச் சாமான், இரண்டு பெட்டி மினரல் வாட்டர், மனைவியின் கைப்பை. ஆனால் வாய் என்ன சொல்லும்? "முந்நூறு கிலோ போடு தம்பி, காட்டுக்கெல்லாம் போவோம்." காலி வண்டிக்கு முந்நூறு கிலோ ஸ்பிரிங் போட்டால் தாமான் வாசலில் இருக்கிற வேகத்தடையிலேயே கடைவாய்ப்பல் ஆடும். ஆடட்டும். கம்பீரம் என்பது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

முன்சக்கரத்துக்கு மேலே வெறும் ஸ்பேசர் செருகிவிடுகிற கடைக்காரரும் இருக்கிறார். ஸ்பிரிங் பழையது, அப்ஸார்பர் பழையது, உயரம் மட்டும் புதியது. அதில் சி.வி. ஜாயிண்ட் கோணல் தாங்காமல் தேயும், மேல் ஆர்ம் மாற்றாததால் அலைன்மெண்ட் நிற்காது, டயர் ஒரு பக்கம் மட்டும் மழுங்கும், பிரேக் குழாய் இழுத்துக்கொண்டு நிற்கும். பின்பக்கத்துப் பட்டை ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் நடுவில் இரும்புக்கட்டை வைத்து ஏற்றுவது அதைவிடச் சுலபம். எல்லாம் செய்து முடித்த பிறகு ஹெட்லைட்டை இறக்கிவைக்க மறந்துவிடுவார்கள். அதனால்தான் ராத்திரியில் ஈப்போவிலிருந்து செம்மோர் போகிற வழியில் எதிரே மைவி ஓட்டி வருகிற டீச்சரம்மாவுக்குக் கண் தெரிவதில்லை.

எல்லாவற்றிலும் மலிவு பாடி லிஃப்ட். சேசிஸுக்கும் மேல்கூட்டுக்கும் இடையில் நைலானிலோ அலுமினியத்திலோ கட்டைகளைச் செருகி, நீளமான போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மேல்கூடு இரண்டு அங்குலம் எழும்பும். சேசிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சு எல்லாம் பழைய இடத்திலேயே கிடக்கும். ஸ்டீரிங் தண்டு எட்டாது, அதற்கு ஒரு ஒட்டுத்துண்டு. ரேடியேட்டர் மேலே போய்விடும், எஞ்சினில் இருக்கிற விசிறி கீழேயே நின்றுவிடும், காற்று எங்கேயோ அடிக்கும். பாடிக்கும் பம்பருக்கும் நடுவே சந்து தெரியும், அதை மறைக்க ஒரு கறுப்பு ரப்பர் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் வண்டி வளர்ந்திருக்கும்.

நம் சமுதாயத்துக்கு இந்த வேலையை நாற்பது வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

1980-களில் மலேசிய இந்தியர் காங்கிரஸ், அதாவது ம.இ.கா., மைக்கா ஹோல்டிங்ஸ் என்று ஒரு முதலீட்டு நிறுவனத்தைக் கொண்டுவந்தது. தோட்டத்துச் சனம் நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், 100 மில்லியன் வெள்ளிக்கு மேல். இந்தியர்களின் பொருளாதாரம் எழும்பப்போகிறது என்றார்கள். 1990-இல் டெலிகாம் பங்குகள் 10 மில்லியன் மைக்காவுக்கு என்று ஒதுக்கப்பட்டன. வந்து சேர்ந்தது 1 மில்லியன். மிச்சம் 9 மில்லியன் வேறு நிறுவனங்களுக்குப் போனது. விசாரணை நடந்தது, யார்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. கடைசியில் 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் முன்வந்தபோது, அது கிடைத்ததே பெரிய பாக்கியம் என்று வாங்கிக்கொண்டார்கள். கால் நூற்றாண்டுக் காத்திருப்புக்கு ஈவு, இருபது சென் நஷ்டம். பங்குப் பத்திரத்தைப் பெட்டிக்கு அடியில் சேலைக்குள் சுற்றி வைத்துவிட்டுச் செத்துப்போன கிழவிகளுக்கு அந்த எண்பது சென்னும் இல்லை.

அப்புறம் இந்தியர் மேம்பாட்டுக்கென்று செடிக் என்ற அரசாங்கப் பிரிவு வந்தது. 2017-இல் பிரதமர் நஜிப் பத்தாண்டுப் பெருந்திட்டம் ஒன்றைப் புத்தகமாகப் போட்டு வெளியிட்டார். 2018-இல் ஆட்சி மாறியது, பெயர்ப்பலகையும் மாறி மித்ரா ஆனது. ஆண்டுக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கீடு. 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் உள்ளே புகுந்து, மானியம் வாங்கிய நிறுவனங்களின் ஆட்களைப் பிடித்து விசாரித்தது. ஆட்சிக்கு ஆட்சி மித்ராவை எந்த அமைச்சின் கீழ் வைப்பது என்று பந்தாடுகிறார்கள். கட்டை புதிது, போல்ட் புதிது, ரப்பர் பட்டை புதிது.

பட்டறையில் உங்களிடம் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் உண்டு. பாடி லிஃப்டோ சஸ்பென்ஷன் லிஃப்டோ, எதைப் போட்டாலும் பின் அச்சு தரையிலிருந்து பழைய உயரத்தில்தான் இருக்கும். பின்னால் உருண்டையாகத் தொங்குகிற டிஃப்ரன்ஷியல், காட்டில் எந்தக் கல்லில் இடிக்குமோ அதே கல்லில்தான் இடிக்கும். மேலே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் காட்சி நன்றாகத் தெரியும். அச்சு உயர ஒரே வழி பெரிய டயர். அதிலும் 31 அங்குல டயரைக் கழற்றி 33 போட்டால், விட்டத்தில் கூடிய இரண்டு அங்குலத்தில் அச்சுக்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. போனஸாக, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்ல ஆரம்பிக்கும்: முள் 110-இல் நிற்கும்போது வண்டி 117-இல் ஓடும். டீசலும் கூடக் குடிக்கும். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் ஒரே ராத்திரியில் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனதே, அன்றைக்கு உங்களுக்கு லிஃப்ட் ஞாபகம் வந்திருக்கும்.

மேலே இருப்பவருக்குக் காட்சி, கீழே இருப்பவருக்கு இடி. இதைத்தான் நம்மிடம் முன்னேற்றம் என்று விற்கிறார்கள்.

டயர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1877-இல் இந்தப் பேராக் மாநிலத்தில் கோலகங்சாரில்தான் ஹியூ லோ துரை கித்தாக் கன்றுகளை நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று இன்னும் அங்கே வேலி போட்டு நிற்கிறது; பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். அந்த மரத்துக்கு வேலி உண்டு, பெயர்ப்பலகை உண்டு. அதன் பேரன்களைச் சீவிய கைகளுக்கு எதுவும் இல்லை. விடியற்காலம் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, அட்டைக்கடியோடு நிரை நிரையாகப் போய் இழுத்த பால்தான் உலகத்துக்கெல்லாம் டயராக உருண்டது. அப்படிப் பால் இழுத்த ஆச்சி கடைசிவரை வெறுங்காலோடு நடந்தாள். பேரன் இன்று ஒரு டயருக்கு அவளுடைய வருஷச் சம்பளத்தைக் கொடுக்கிறான். அதுவும் மண்ணில் ஓட்டுவதற்காக. மண்ணைவிட்டு வெளியேற மூன்று தலைமுறை பட்ட பாடு அவனுக்குத் தெரிந்திருந்தால், குறைந்தபட்சம் சேற்றோடு போட்டோ எடுத்துப் போடும்போதாவது கொஞ்சம் கூச்சப்பட்டிருப்பான்.

தோட்டத்துச் சாலையைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். செம்மண் சாலை. வெயிலில் புழுதி, மழையில் களி. தோட்டத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்: பிரசவ வலி வந்தவளை லாரியில் ஏற்றிப் பாதிவழியில் மாட்டிக்கொண்டது, பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளிரோடு வரை வெறுங்காலில் நடந்தது, பிணத்தைத் தோளில் சுமந்தது. ஏன் தார் போடவில்லை? தோட்டம் தனியார் நிலம். நகராண்மைக் கழகத்தைக் கேட்டால், "அது கம்பெனி இடம்." கம்பெனியைக் கேட்டால், "கித்தா விலை சரியில்லை." கிராமப்புற மேம்பாட்டுக்கு அமைச்சே இருந்தது, ஆனால் தோட்டம் கிராமம் இல்லை. நகரமும் இல்லை. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சாலையின் வாசல்வரை வந்து, கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப்போனது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, சிரிக்கத்தான் முடியாது. தோட்டங்கள் சூழ்ந்த சுங்கை சிப்புட் தொகுதிக்கு 1974 முதல் 2008 வரை நாடாளுமன்ற உறுப்பினர் யார்? துன் ச. சாமிவேலு. அதில் இருபது வருஷத்துக்கும் மேல் அவர் என்ன அமைச்சர்? பொதுப்பணி. நாட்டுக்கே சாலை போடுகிற இலாகா. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுதாகத் திறந்தது. அந்தப் பெருஞ்சாலை சுங்கை சிப்புட் பக்கமாகத்தான் போகிறது. டோல் கட்டி அதில் ஏறினால் கண்ணாடி மாதிரி வழுக்கிக்கொண்டு போகலாம். இறங்கி இடதுபக்கம் தோட்டத்துக்குள் திரும்பினால் களி. சட்டப்படி அவர் பொறுப்பு நெடுஞ்சாலை, தோட்டத்துப் பாதை தனியார் பொறுப்பு என்று வக்கீல் பேசுவார்கள். ஒத்துக்கொள்கிறேன். சட்டத்தை மாற்றுகிற இடத்தில் முப்பத்துநாலு வருஷம் உட்கார்ந்திருந்தவருக்கு அந்தச் சட்டம் தெரிந்துதான் இருக்கும். 2008-இல் மலேசிய சோசலிசக் கட்சியின் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் அவர் தோற்றபோது, எத்தனையோ காரணம் சொன்னார்கள். இந்தியர் உரிமை கேட்டுக் கிளம்பிய ஹிண்ட்ராஃப் அலை என்றார்கள். அலை உண்மைதான். அந்த அலை அடிப்பதற்கு முன்னால் எத்தனை மழைக்காலம் அந்தக் களியில் கழிந்தது என்று யாரும் எண்ணவில்லை.

அந்தச் சாலைக்குத் தார் எப்போது வந்தது தெரியுமா? தோட்டம் துண்டான பிறகு. முதலில் கித்தாவை வெட்டிச் செம்பனை நட்டார்கள். பிறகு செம்பனையை வெட்டி வீடு நட்டார்கள். லயத்துவீட்டுச் சனத்துக்கு நோட்டீஸ் கொடுத்து, சில ஆயிரம் வெள்ளி நஷ்டஈடு கொடுத்து, புந்தோங் பக்கமோ மலிவுவிலை அடுக்குமாடிக்கோ அனுப்பிய மறுமாதமே ரோலர் வந்தது. சாக்கடை வந்தது, தெருவிளக்கு வந்தது, தாமான் என்று வளைவு வந்தது, வளைவுக்குப் பக்கத்தில் செக்யூரிட்டிக் கூண்டு வந்தது. நூறு வருஷமாக முடியாதது மூன்று மாதத்தில் முடிந்தது. அந்தக் கூண்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறவர் யார் என்று பாருங்கள். பழைய பால்மரத்துக்காரரின் மகனாக இருக்கும். அவர் எழுதுகிற நம்பர், இரண்டு அங்குலம் ஏற்றிய வண்டியின் நம்பராக இருக்கும்.

பேராக்கில் வண்டியை உருமாற்றுகிற கலை புதிதில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாமில் லேண்ட்ரோவர் அறிமுகமானது. அதே வருஷம் ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது. துரைகள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத்தகடு அடித்துக்கொண்டார்கள். கூலிகளுக்கு முள்வேலி அடித்தார்கள். ஆபத்து இரண்டு பேருக்கும் ஒன்றுதான். காப்பு ஒருவருக்கு, கம்பி ஒருவருக்கு.

அதற்கும் முன்னால் பத்து காஜா பக்கம் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் வில்லியம் கெல்லி ஸ்மித் துரை ஒரு மாளிகை கட்டினார். மதராஸிலிருந்து ஆள்களும் செங்கல்லும் வந்தன. 1918 இன்ஃபுளூயென்சாவில் வேலையாட்கள் கொத்துக்கொத்தாக மாண்டார்கள். எஞ்சியவர்கள் கேட்டதற்காகத் துரை ஒரு மாரியம்மன் கோயில் கட்டிக் கொடுத்தார்; சனமும் நன்றி மறக்காமல் கோயில் மேலே சாமிகளுக்கு நடுவில் சூட்டுக்கோட்டோடு துரைக்கு ஒரு சிலை வைத்தது. அந்த மாளிகையின் கோபுரத்தில் மின்தூக்கிக்காகக் கட்டிய குழி இருக்கிறது. மலாயாவிலேயே முதல் மின்தூக்கியாக இருந்திருக்கும் என்பார்கள். துரை 1926-இல் லிஸ்பனில் இறந்துபோனார். குழி இருக்கிறது, தூக்கி வரவில்லை. டிக்கெட் எடுத்துப் போய்ப் பாருங்கள். நன்றாகவே பராமரிக்கிறார்கள். கட்டிய கைகளைப் பராமரிக்க எந்தத் துறையும் இல்லை.

இனி, ஏற்றிய வண்டிகள் சனி ஞாயிறில் எங்கே போகின்றன என்று பார்ப்போம். ஆள் காலியான தோட்டங்களுக்கு; உலு கிந்தா, தஞ்சோங் ரம்புத்தான் மலையடிவாரத்துக்கு; சுங்கை சிப்புட் தாண்டி, லாசா தாண்டி மரம்வெட்டி லாரிகள் போட்ட பாதைக்கு. அந்தப் பாதையின் மறுமுனையில் தெமியார் பூர்வக்குடிகளின் கிராமங்கள் இருக்கின்றன. போஸ் பியா, கோல மூ என்று பெயர்கள். அவர்களுக்கு ஃபோர் பை ஃபோர் என்பது வார இறுதி உல்லாசம் கிடையாது. கிளினிக் போக, பள்ளி போக, அரிசி வாங்க அதைவிட்டால் வழியே இல்லை. அவர்களுடைய வண்டியில் லிஃப்ட் கிட் இருக்காது. பழைய ஹைலக்ஸ், பின்பக்கம் பத்துப் பேர், முழங்கால் உயரச் சேறு; அது போய்ச் சேர்கிறது. நம் கான்வாய் இருபது வண்டியில் வாக்கி டாக்கியோடு போய், ஒரே பள்ளத்தில் மூன்று மணி நேரம் ஒருவரையொருவர் வின்ச் போட்டு இழுத்து, சேறு பூசிப் படம் எடுத்து, கிராமத்துக்குள் நுழைந்து மேகி மீ பெட்டிகளை இறக்கி, பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து இன்னொரு படம் எடுத்துத் திரும்பும். கூரையேறிக் கோழி பிடிக்காதவர்கள் வைகுண்டம் போய்வந்த பெருமை முகத்தில் இருக்கும்.

அதே தெமியார்கள் 2019-இல் கிரிக் பக்கம் கம்போங் சூனெக்ஸில், எங்கள் காட்டை வெட்டாதே என்று வழிமறித்து உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் வந்து தடுப்பை உடைத்தார்கள், சிலரைக் கைது செய்தார்கள். அன்று அந்தப் பாதையில் எத்தனை கான்வாய் போனது? மேகி மீ கொண்டுபோனவர்களில் எத்தனை பேர் ஸ்டேஷன் வாசலில் நின்றார்கள்? காட்டை நேசிக்கிறோம் என்று பின்கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களே, அவர்களைத்தான் கேட்கிறேன்.

சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி இல்லாமல் வண்டியை உருமாற்றினால் குற்றம். சரியான சட்டம். உயரம் கூடினால் வண்டியின் பாரமையம் மேலேறும், அவசரத்தில் ஸ்டீரிங்கை வெட்டினால் கவிழும், கேட்பாரில்லாமல் விடக்கூடாது. ஆனால் கேட்பவர் யாரைக் கேட்கிறார்? ரோட்பிளாக்கில் இரண்டு அங்குலத்தை டேப் வைத்து அளக்கிற கை, கல்லும் மண்ணும் மலையாக ஏற்றிக்கொண்டு கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க ஓடுகிற லாரிகளுக்கு முன் எத்தனை தடவை சுருண்டு போயிருக்கிறது என்று நம் ஊருக்கே தெரியும். லாரிக்காரனுக்கு முன்கூட்டியே தகவல் சொல்வதற்கென்று 'தொந்தோ' என்ற ஓர் உத்தியோகமே இந்த நாட்டில் இருக்கிறது.

2025 மே 13. தெலுக் இந்தானில் சித்திரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்பு கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது கலகத் தடுப்புப் போலீஸ் படையின் வண்டி. எதிரே கல் ஏற்றிவந்த லாரி மோதியது. ஒன்பது பேர் செத்தார்கள். நம் சாமி தெருவில் நிம்மதியாக வலம் வருவதற்காக ராத்திரி முழுக்க விழித்திருந்தவர்கள். லாரியின் அளவுமீறிய சுமையும் ஸ்டீரிங் கோளாறும் பிறகு அறிக்கையில் வந்தன. பிறகு கெடுபிடி வந்தது. நாடு முழுக்கத் தராசுகளுக்குத் திடீரென்று கண் திறந்தது. ஒன்பது உயிர் போட்டால்தான் ஓடுகிற தராசை வைத்துக்கொண்டு இத்தனை வருஷமாக எதை நிறுத்துக்கொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், "நடவடிக்கை எடுக்கப்படுகிறது" என்ற ஒரே பதில். அந்த வாக்கியத்தில் செய்பவன் யார் என்பது எப்போதும் இருக்காது.

ஏற்றிய வண்டிக்காரர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, கூரையில் ஏறி நின்ற சனத்தைத் தேடிப் போனவர்களில் இந்த ஃபோர் பை ஃபோர் கூட்டமும் உண்டு. யாரும் கூப்பிடவில்லை, சொந்த டீசல், சொந்தப் படகு. அவர்களுக்கு என் கும்பிடு. அன்று அந்த இரண்டு அங்குலம் உயிரைக் காப்பாற்றியது.

எனக்குக் கோபம் வருவதே அங்கேதான். வடிகால் தோண்ட வேண்டியவன் தோண்டவில்லை, அதனால் குடிமகன் தன் வண்டியை ஏற்றிக்கொள்கிறான். பள்ளத்தை மூட வேண்டியவன் மூடவில்லை, அதனால் குடிமகன் பெரிய டயர் போடுகிறான். பஸ் விட வேண்டியவன் விடவில்லை, அதனால் ஒன்பது வருஷக் கடனில் பிக்கப் வாங்குகிறான். வரியும் கட்டுகிறான், ஸ்பிரிங்கும் வாங்குகிறான். கடமையைச் செய்யாதவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? சாலையைப் பற்றிக் கத்த வேண்டிய நடுத்தர வர்க்கம் சாலைக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. கீழே பள்ளம் இருப்பதே அதற்குத் தெரிவதில்லை. பள்ளம் இன்னும் யாருக்குத் தெரிகிறது என்றால், மழையில் காப்சாய் மோட்டார் ஓட்டிக்கொண்டு பேக்டரி ஷிப்டுக்குப் போகிறவனுக்கு. 2025 பிப்ரவரியிலிருந்து அவனுடைய குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. பெயருள்ள ஒரு லிஃப்ட் செட் அவனுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளம். அவன் எதை ஏற்றிக்கொள்வான்? சிலுவாரைத்தான் முழங்கால்வரை ஏற்றிக்கொள்வான்.

நம் மக்கள் பிரதிநிதிகளான ஒய்பிகளும் வண்டியை ஏற்றிவிட்டார்கள். கட்சி வேறுபாடு இல்லாமல், கறுப்புக் கண்ணாடியோடு உயரமான வண்டியில்தான் தொகுதி வலம். அந்தக் காலத்து ஒய்பிக்காவது பள்ளத்தில் விழுந்தால் இடுப்பு வலித்தது. இந்தக் காலத்து ஒய்பிக்கு நல்ல அப்ஸார்பர் இருக்கிறது. தொகுதியின் எந்த வேதனையும் அவருடைய இருக்கைவரை வந்து சேர்வதில்லை; இதற்குத்தான் அப்ஸார்பர் கம்பெனிக்காரன் காசு வாங்குகிறான்.

நீங்கள் கிட் வாங்குங்கள். லோடைக் கணக்குப் பார்த்து ஸ்பிரிங் எடுங்கள், ஸ்பேசரில் ஏமாறாதீர்கள், இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள், அலைன்மெண்ட் செய்யுங்கள், ஹெட்லைட்டை இறக்குங்கள், ஜேபிஜே அனுமதி எடுங்கள், அம்மாவுக்கு ஸ்டூலுக்குப் பதில் பக்கப்படி ஒன்று போட்டுக் கொடுங்கள். அப்படியே இன்னொன்றும் செய்யுங்கள். அடுத்த தேர்தலுக்கு ஒய்பி உங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் ஓட்டுக் கேட்டு வரும்போது, நாலு பேர் சேர்ந்து போய் வண்டியை வெளிரோட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள். மாலையை அங்கேயே போட்டுவிடலாம். அங்கிருந்து கடைசி லயத்துவீடு வரைக்கும் அவர் சப்பாத்தோடு நடந்து வரட்டும். மழை நாளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள்.